வேலை வருவதற்கு முன்பே யோசனை சேர்ப்பது எப்படி: விளம்பர வடிவமைப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விளம்பர வடிவமைப்புக்கு வந்த முதல் ஆண்டு தீபாவளிக்கு, ஒரு நகைக்கடைக்கு முழுப்பக்க விளம்பரம் செய்யும் வேலை எனக்குக் கிடைத்தது. கையில் மூன்று நாள் இருந்தது. அதில் இரண்டரை நாளைப் படங்களைத் திரட்டித் தரும் இணையதளங்களிலேயே கழித்துவிட்டு, கடைசி அரை நாளில் பிடித்துப்போன ஒரு வடிவத்தை எடுத்து, அதில் விளக்கு இருந்த இடத்தில் ஆரத்தை வைத்து அனுப்பினேன். அச்சேறிய அதே வாரத்தில் பக்கத்து மாவட்டத்து ஜவுளிக்கடை ஒன்றின் பேனரில் அதே தாமரையும் அதே வளைவும் அதே பொன்தூளும் இருந்தன. அந்த பேனரைச் செய்தவரும் அதே தளத்தில் அதே சொல்லைத் தட்டித் தேடியிருக்க வேண்டும். நகைக்கடைக்காரர் இரண்டு படங்களையும் அருகருகே வைத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கூடவே ஒரு சொல்கூட எழுதவில்லை. பேசிய தொகையில் பாதி கடைசி வரை வரவில்லை.

அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். வேலை வந்த பிறகு யோசனையைத் தேடத் தொடங்கினால் எல்லோரும் தேடும் இடத்தில்தான் தேட நேரம் இருக்கும். ஆகவே யோசனைக்கான சரக்கை முன்கூட்டியே, அது எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு சேர்த்து வைக்க வேண்டும். கீழே உள்ளவை அனைத்தும் அதற்கான வழிகளே.

1. தேடும் சொல்லை மாற்றுங்கள்

"ஆடித் தள்ளுபடி விளம்பரம்" என்று தேடினால் மற்றவர்கள் ஏற்கெனவே செய்து முடித்த ஆடித் தள்ளுபடி விளம்பரங்கள்தான் கிடைக்கும். விளம்பரத்தைத் தேடாமல், விளம்பரம் பேசப்போகும் வாழ்க்கையைத் தேடுங்கள்: பீரோவில் அடுக்கிய சேலைகள், துணிக்கடையில் விரித்த பாயில் மலைபோல் குவியும் புடவைகள், வாசலில் செருப்புகளுக்குக் காவல் இருக்கும் தாத்தா.

இதற்கு முன் வாடிக்கையாளரிடம் ஐந்து கேள்விகளுக்கு விடை வாங்கிவிடுங்கள். வாங்கப்போகிறவர் யார், எப்போது வாங்குவார், விளம்பரத்தை எங்கே பார்ப்பார், எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார், எத்தனை நொடி பார்ப்பார். விடைகளை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்ற பேச்சு மூன்றாவது திருத்தத்தின்போது கட்டாயம் வரும்.

2. தெருவில் நடங்கள்

வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, உங்கள் ஊரின் பழைய கடைத்தெரு ஒன்றில் நடந்து பாருங்கள். காலை ஆறரை முதல் எட்டரை வரை நல்ல நேரம். கடைகள் திறந்திருக்காததால் ஷட்டர்களில் எழுதியவை முழுமையாகத் தெரியும். வெயில் சாய்வாக விழுவதால் சுவர் எழுத்தின் தூரிகைத் தடம்கூடத் தெரியும். நண்பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்கள் எனக்கு ஒருபோதும் பயன்பட்டதில்லை.

எதைப் பார்ப்பது என்பதுதான் புதியவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். கையால் எழுதிய பெயர்ப்பலகையில், நீளமான கடைப்பெயரை ஓவியர் எந்த எழுத்தில் நெருக்கி, எந்த எழுத்தில் தாராளமாக விட்டிருக்கிறார் என்று பாருங்கள். லாரியின் பின்புறத்தில் எழுத்துக்குப் போட்ட நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியை யாரும் வடிவமைப்பாக மதிப்பதில்லை. ஆனால் முகம், பெயர், நாள் ஆகிய மூன்றையும் ஓடும் பேருந்திலிருந்து படிக்கும்படி மூன்று அளவுகளில் அது வைத்திருக்கும் ஒழுங்கை, பெரிய செலவில் எழுப்பிய பல பெரும் பலகைகளில் நான் கண்டதில்லை.

இன்னொன்று, நம் வீட்டுச் சுவரிலேயே தொங்கும் தினசரி காலண்டர். உள்ளங்கை அளவுத் தாளில் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம், ராசிபலன் அத்தனையும் அடங்கியிருக்கின்றன. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கும் பாட்டிக்குத் தேதி தெரிகிறது. கிட்டே வந்து நிற்பவருக்கு ராகு காலம் தெரிகிறது. தூரத்துக்கு ஏற்ப எழுத்தளவை எப்படிப் பிரிப்பது என்பதை நான் இந்தத் தாளிலிருந்துதான் கற்றேன். ஓர் அரை நாள் செலவிட்டு அதை அப்படியே கையால் வரைந்து பாருங்கள்.

தெருவில் எழுத்து மட்டும் இருப்பதில்லை, நடத்தையும் இருக்கிறது. பயணிகள் பிதுங்கி வழிய, குண்டும் குழியுமான பாதையில் ஆடிக்கொண்டே ஓடும் வண்டி, ஒருவரும் கீழே விழவில்லை, கடைசியில் வண்டியின் பின்னால் பசையின் பெயர்: ஃபெவிகால் விளம்பரம் அவ்வளவுதான். அந்தக் காட்சியை நாம் எல்லோருமே நூறு முறை நேரில் கண்டிருக்கிறோம். குறித்து வைத்தவருக்கு அது விளம்பரமாயிற்று.

இதில் தவறும் இடங்கள் இரண்டு. முதலாவது, முகம் தெரியும்படி ஒருவரைப் படமெடுத்து, பிறகு அதை விளம்பரத்தில் பயன்படுத்துவது. குறிப்புக்காக எடுத்த படம் குறிப்பாகவே இருக்கட்டும். அந்த முகமே வேண்டுமென்றால் பெயர், கொடுத்த தொகை, எந்தெந்த ஊடகம், எத்தனை மாதம் என்று நான்கும் எழுதிய ஒரு பக்கச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். இரண்டாவது, பொதுச் சுவர்களில் உள்ள ஓவியங்கள். சென்னை கண்ணகி நகரின் கட்டடச் சுவர்களில் உள்ளவற்றைப் போன்ற ஓவியங்களைப் பார்த்து நிறம் கற்றுக்கொள்ளலாம். ஆனால் தெருவில் இருப்பதாலேயே அவை எல்லோருக்கும் பொதுவாகிவிடுவதில்லை. பொது இடத்தில் நிலையாக உள்ள சிற்பத்தை வரையவும் படமெடுத்து வெளியிடவும் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது. அந்த விலக்கைச் சுவரோவியத்துக்கும் நீட்டிக்கொள்ளாதீர்கள்.

3. நூலகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் போங்கள்

சென்னைக்கு வர முடிந்தவர்கள் இரண்டு நாள் ஒதுக்கினால் போதும். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் நூல்கள், இதழ்கள், துண்டறிக்கைகள், அழைப்பிதழ்கள் போன்றவற்றின் பெருந்தொகுப்பு. அதைச் சேர்த்த கோட்டையூர் முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர் என்பது நம் தொழிலில் இருப்பவர்களுக்குச் சற்றுப் பெருமையான செய்தி. போவதற்கு ஒரு வாரம் முன்பே மின்னஞ்சல் எழுதி, எந்த ஆண்டுகளின் எந்தப் பொருள் பற்றிய விளம்பரங்களைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்று குறிப்பாகக் கேளுங்கள். "பழைய விளம்பரங்கள் பார்க்க வேண்டும்" என்று மொட்டையாகக் கேட்டதால் என் முதல் வருகை வீணாயிற்று. நூலகர் என்ன எடுத்துத் தருவார், பாவம். புகைப்படம் உள்ள அடையாள அட்டையின் நகலையும், வேலை செய்யும் இடத்திலிருந்தோ கல்லூரியிலிருந்தோ ஒரு கடிதத்தையும் கையில் வைத்திருங்கள். நகலெடுக்கும் விதிகளையும் கட்டணத்தையும் பக்கங்களைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகமும் கன்னிமாரா பொது நூலகமும் ஒரே வளாகத்தில் இருப்பதால் ஒரு நாளில் இரண்டையும் முடிக்கலாம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வெளியூரிலிருந்து வருபவர்கள் இதைக் கவனிக்காமல் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். கேமராவுக்கு நுழைவுச்சீட்டைவிடக் கூடுதலான தனிக் கட்டணம் உண்டு. எனவே முதல் முறை கேமரா இல்லாமல் போய், பென்சிலும் நோட்டும் கொண்டு செப்புத் திருமேனிகள் உள்ள கூடத்தில் மூன்று மணி நேரம் உட்காருங்கள். நடராசரைச் சுற்றி நிற்கும் சுடர் வளையமான திருவாசி, உள்ளே இருக்கும் உருவத்தின் அசைவை எப்படிக் கட்டிப் பிடிக்கிறது என்பதை வரைந்து பார்த்த பிறகு, எனக்கு லோகோவுக்கு வட்டம் போடும் பழக்கமே மாறிவிட்டது. தென்னிந்தியப் பழைய வீடுகளையும் கைவினைகளையும் காட்டும் முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கும் போகலாம். அதற்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

சென்னைக்கு வர முடியாதவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. கட்டணமில்லாமல் பழைய இதழ்களைப் பார்க்கலாம். கதையை விட்டுவிட்டுப் பின்னட்டையையும் கடைசிப் பக்கங்களையும் புரட்டுங்கள். சோப்பு, தலைவலித் தைலம், ஹார்மோனியம் என்று விளம்பரங்கள் அங்கேதான் குவிந்திருக்கும்.

4. சேர்த்ததைக் குறித்து வையுங்கள்

ஒவ்வொரு படத்துக்கும் நான்கு வரி எழுதுங்கள்: எங்கே, எப்போது, என்னைப் பிடித்து நிறுத்தியது எது, இதன் உரிமை யாருடையது. மூன்றாவது வரிதான் கடினம். "அழகாக இருந்தது" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து அந்தப் படத்தால் ஒரு பயனும் இருக்காது. என் குறிப்பேட்டில் உள்ள ஒன்று இப்படி இருக்கிறது: "ஆத்தங்குடிக் கல் பதித்த திண்ணை. பச்சையும் செங்கல் நிறமும் தொடும் இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. அதனால்தான் இரண்டு அடர்நிறங்கள் மோதிக்கொள்ளவில்லை." இந்தக் குறிப்பு பின்னர் ஒரு காபித்தூள் பொட்டலத்துக்குப் பயன்பட்டது. ஆனால் பொட்டலத்தில் ஆத்தங்குடிக் கல் எங்கும் இல்லை.

5. உரிமை: அதிகம் பேர் சறுக்கும் இடம்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

இந்தியாவில் ஒரு கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. அக்கருத்து வெளிப்பட்ட வடிவத்துக்கே உண்டு. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இரண்டு படைப்புகளையும் பார்க்கும் சராசரி மனிதர், பின்னது முன்னதன் நகல் என்ற ஐயமற்ற எண்ணத்துக்கு வந்தால் அது மீறல். மேலே சொன்ன நகைக்கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எனக்கு நடத்திக் காட்டியதும் ஏறத்தாழ இதே சோதனைதான்.

ஓவியத்துக்கான பதிப்புரிமை, படைப்பாளி இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். "பழைய காலண்டர் படம், யார் கேட்கப்போகிறார்கள்" என்று பலரும் எடுத்துப் போடுகிறார்கள். ரவி வர்மா 1906இல் இறந்தார்; அவருடைய ஓவியங்களுக்கு உரிமைக்காலம் முடிந்து நெடுநாளாயிற்று. கோவில்பட்டியில் இருந்து காலண்டர் சாமி படங்கள் வரைந்த ஓவியர் கொண்டையராஜு இறந்தது 1976இல். ஆகவே அவருடைய முருகனுக்கும் மீனாட்சிக்கும் 2036 முடியும் வரை உரிமைக்காலம் இருக்கிறது. இரண்டுமே பார்வைக்குப் "பழைய சாமி படம்" தான். இறந்த ஆண்டைத் தேடி எழுதி வைத்த பிறகே படத்தைத் தொடுங்கள்.

விளம்பரத் தரக் கட்டுப்பாட்டுக்கென்று 1985 முதல் இயங்கும் ஆஸ்கி அமைப்பின் நெறிகளிலும், முன்பு வெளியான பிறரது விளம்பரத்தின் அமைப்பு, வாசகம், முழக்கம், காட்சி ஆகியவற்றை நகல் என்று தோன்றும்படி ஒத்திருக்கக் கூடாது என்ற விதி உண்டு. இது நீதிமன்றம் வரை போகாமலேயே விளம்பரத்தைத் திரும்பப் பெறவைக்கக்கூடியது.

சுதந்திர தின வாழ்த்து விளம்பரம் கேட்டு ஆகஸ்ட் முதல் வாரத்தில் வாடிக்கையாளர்கள் வரிசையாக வருவார்கள். தேசியக் கொடியை விளம்பரத்தின் எந்த வடிவிலும் பயன்படுத்தக் கூடாது என்பது கொடி நெறிமுறை. வணிக நோக்கில் அசோகச் சின்னத்தையோ காந்தியின் படத்தையோ பயன்படுத்துவதை 1950ஆம் ஆண்டுச் சின்னங்கள், பெயர்கள் சட்டம் தடுக்கிறது. காலண்டரில் காந்தி படம் போடுவதற்கு விலக்கு உண்டு. ஆனால் தயாரித்தவர், அச்சிட்டவர் பெயர்கள் மட்டுமே இருக்க வேண்டும், பொருளை விளம்பரப்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை. மளிகைக்கடை பெயரோடு காந்தி காலண்டர் கேட்பவருக்கு இதை எடுத்துச் சொல்வது உங்கள் வேலை. மதுரை சுங்குடி போன்று புவிசார் குறியீடு பெற்ற பெயர்களிலும் கவனம் வேண்டும்: புள்ளிகளின் அடுக்கிலிருந்து நீங்கள் ஊக்கம் பெறலாம், ஆனால் வேறெங்கோ அச்சான சேலைக்கு அந்தப் பெயரை எழுதித் தரக் கூடாது.

வெளி ஓவியர் ஒருவரிடம் படம் வரையச் சொல்லி வாங்கினால் உரிமை மாற்றத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்கள் வாடிக்கையாளர் சிங்கப்பூருக்கு முறுக்கு அனுப்புபவராக இருந்தால் இந்த ஒரு வரி முக்கியம். விலைக்கு வாங்கும் படங்களில் "எடிட்டோரியல்" என்று குறித்தவை செய்திக் கட்டுரைகளுக்கானவை. அவற்றை விளம்பரத்தில் வைக்க முடியாது. உரிமச் சீட்டையும் ரசீதையும் அந்த வேலைக்கான கோப்புறையிலேயே போட்டு வையுங்கள்.

நீங்கள் செய்ததைப் பதிவு செய்ய விரும்பினால் பதிப்புரிமை அலுவலகத்தின் தளத்தில் பதினான்காம் எண் படிவத்தில் விண்ணப்பிக்கலாம். கலைப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். லேபிள், லோகோ போலப் பொருள்களோடு சேர்த்துப் பயன்படக்கூடியதாக இருந்தால் 2,000 ரூபாய். இரண்டாவது வகைக்கு வணிகச்சின்னப் பதிவாளரிடமிருந்து சான்றிதழும் வேண்டும். இதைத் தெரியாமல் விண்ணப்பித்து நான் மாதக்கணக்கில் காத்திருந்தேன். விண்ணப்பித்த பிறகு பிறர் ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகே ஆய்வு தொடங்கும்.

6. தமிழ் எழுத்துரு

கணினியில் இருக்கிறது என்பதற்காக எந்த எழுத்துருவும் உங்களுடையது ஆகிவிடாது. அச்சகத்திலிருந்து பென்டிரைவில் வந்தவற்றை நம்பவே வேண்டாம். முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, மீரா இனிமை, நோட்டோ ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. விளம்பரத்தில் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தமிழை ஒட்டியதும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், எழுத்துருவில் குறையில்லை. விருப்பத்தேர்வுகளில் எழுத்து அமைப்பு முறையைத் தெற்காசிய மொழிகளுக்கு உரியதாக மாற்ற வேண்டும்.

ஆங்கில விளம்பரத்தைப் பார்த்து ஊக்கம் பெறும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடியும் தலைப்பு தமிழில் பன்னிரண்டு எழுத்தாகலாம். தமிழ் எழுத்துகளுக்கு மேலே விசிறியும் (கி, கீ போல) கீழே சுழியும் (கு, கூ போல) இருப்பதால் வரிகளுக்கு இடையே கூடுதல் வெளி வேண்டும். ஆகவே படத்தை முடித்துவிட்டுத் தமிழைத் திணிக்காமல், தமிழ்த் தலைப்பை முதலில் வைத்துவிட்டு மீதமுள்ள இடத்தில் படத்தை யோசியுங்கள்.

7. கலந்து, மூடி, வரையுங்கள்

உங்கள் சேமிப்பிலிருந்து மூன்று குறிப்புகளை எடுங்கள். மூன்றும் வெவ்வேறு துறைகளைச் சேர்ந்தவையாகவும், அவற்றில் ஒன்றுகூட விளம்பரமாக இல்லாமலும் இருக்கட்டும். ஒன்றிலிருந்து நிறம், ஒன்றிலிருந்து அமைப்பு, ஒன்றிலிருந்து பேச்சின் தொனி. பிறகு மூன்றையும் மூடி வைத்துவிட்டு, தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் இருபது முன்வரைவுகளைப் பேனாவால் போடுங்கள். முதல் ஏழெட்டு எல்லோருக்கும் தோன்றுபவையாகவே இருக்கும். எனக்குப் பயன்படுவது பெரும்பாலும் பன்னிரண்டுக்கு மேல்தான் வந்திருக்கிறது. குறிப்புகளைத் திறந்து வைத்தபடி வரைந்தால் கை தானாகவே நகலெடுக்கும். எவ்வளவு நேர்மையானவர் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

முடித்ததும், வாடிக்கையாளருக்கு அனுப்பும் முன், படத்தைக் கொண்டு தேடும் வசதியில் உங்கள் வடிவமைப்பைக் கொடுத்து இதுபோல வேறு இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அந்த நகைக்கடை வேலையில் அதைச் செய்திருந்தால் பாதிப் பணம் மிச்சமாகியிருக்கும்.

8. செலவும் காலமும்

எனக்கு மாதம் ஏறத்தாழ 600 ரூபாய் ஆகிறது: பேருந்துக் கட்டணம், ஒரு நோட்டு, பழைய புத்தகக் கடையில் வாங்கும் இரண்டு மூன்று இதழ்கள். சென்னைப் பயணம் இதில் சேராது. அதை ஆண்டுக்கு ஒரு முறை வைத்துக்கொள்கிறேன்.

செலவைவிடக் காலத்தில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல், அட்சய திருதியை என்று நம் ஊர் விளம்பரத்துக்கு அறுவடைக் காலங்கள் உண்டு. அந்த வாரங்களில் நடக்கவோ நூலகம் போகவோ நேரம் கிடைக்காது. பொங்கல் வேலை முடிந்த மாசி, பங்குனியில் சேர்க்கத் தொடங்குங்கள். காலண்டர் வேலை செய்பவர்களுக்கு இன்னும் முன்னதாகவே கெடு வந்துவிடும். சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை, அதாவது மாதிரிகளின் தொகுப்புகளை, ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது வழக்கம். ஆகவே உங்கள் மாதிரிகள் ஆனி மாதத்துக்குள் அச்சகத்தின் கையில் இருக்க வேண்டும். ஆவணியில் புதிய யோசனையோடு போனால், டீ வாங்கிக் கொடுத்து, அடுத்த ஆனிக்கு வரச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.